அடுத்த பொங்கலுக்கு நாலு நாள் முந்தி வா

பூண்டுலோயா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. பொங்கலுக்கு நீ வந்தபோது வீடு நிறைய ஆட்கள். மறுநாளே கொழும்பு பஸ் ஏறிவிட்டாய். ஜனவரி 10ஆம் தேதி இங்கே நடந்ததைச் சொல்ல வாய்க்கவே இல்லை. போனில் தொடங்கினால், கடைக்கு ஆள் வந்துவிட்டது என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டப் போராட்டங்களில் உயிர்விட்டவர்களை நினைக்கும் மலையகத் தியாகிகள் தினத்தை இந்த முறை நம் தோட்டத்திலும் வைத்தோம். பின்னேரம் தேயிலைக் கொழுந்து எடை போட்ட பிறகு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில். ஒரு மேசை, குத்துவிளக்கு, பிள்ளைகள் பறித்துவந்த பூ, அவ்வளவுதான். மாதர் சங்கத் தலைவி என்று என்னையும் பேசச் சொன்னார்கள்.

நான் கோவிந்தனைப் பற்றிப் பேசினேன். ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளி. நாட்கூலியில் 16 சதம் கூட்டிக் கேட்டு அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10 அன்று பொலிஸ் சுட்டு அவர் செத்துப்போனார். துரையின் பங்களாவையா கேட்டார்கள்? 16 சதம், தம்பி! ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரவும் அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான். டெய்லர் பேரை நீ பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோவிந்தன் பேரை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவரோடு முடியவில்லை. டயகமத் தோட்டத்தில் சுடப்பட்டுச் செத்த ஆபிரகாம் சிங்கோ, ஒரு சிங்களத் தொழிலாளி. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை அரசாங்கம் எடுத்துப் பிரிக்கப் பார்த்தபோது, டெவன் தோட்டத்தில் எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன். 1977 மே 11இல் அவரையும் சுட்டார்கள். அப்புறம் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாளைப் பற்றியும் சொன்னேன். அந்தக் காலத்திலேயே தோட்டத்து ஆட்களுக்காகப் பாட்டுக் கட்டி மேடையேறிப் பாடியவர். கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அவரை நினைத்துத்தான்.

மே தினத்துக்கும் நாங்கள் போகிறோம். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒவ்வொரு டவுனில் கூட்டம் வைக்கும். ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்து அறைக்காரர் வேறு நிறத் தொப்பி போட்டு வேறு பஸ்ஸில் ஏறுவார். ஜனவரி 10 அப்படி இல்லை. எல்லாச் சங்கத்து ஆட்களும் ஒன்றாக நின்றார்கள். சந்தா விஷயத்தில் சண்டை போட்டு வருஷக்கணக்காக முகம் பார்க்காதவர்கள்கூட வந்து ஒரே விளக்கில் திரி ஏற்றினார்கள். இதைக் கட்சிக்காரர்கள் கையில் கொடுக்காமல் நாமே நடத்த வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பெரிய மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

அதற்கு உன்னை மாதிரிப் பிள்ளைகள் வேண்டும். வெளியே போன இளசுகள் எல்லாம் பொங்கலுக்கு எப்படியும் வருகிறீர்கள். அடுத்த வருஷம் நாலு நாள் முந்தி வா. தீபாவளிக்குக் குறைத்துக்கொண்டாலும் சரி, நான் கோபப்பட மாட்டேன். லீவுக்கு இப்போதே சொல்லி வை.

அப்பாவுக்கு இருமல் தேவலை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வரும்போது ஒரு வேலை செய். இவர்கள் பேர், தோட்டம், தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டு வா. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டலாம். தமிழோடு சிங்களத்திலும் போடு. ஆபிரகாம் சிங்கோ அவர்களுக்கும் சொந்தக்காரர்தானே.

அன்புடன்,
அம்மா