முத்தியால்பேட்டை தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்தவற்றை முன்வைக்கிறேன். வழக்கமாக வாய்க்கால், தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குப்பை வண்டி என்ற வரிசையில் அறிக்கை போகும். இந்த முறை அவற்றைக் கடைசியில் நாலு வரியில் முடித்துவிட்டு, பேக்கரி விவகாரத்தை விரிவாக எழுதியிருக்கிறேன். நாளைக்கு இதே புகார் மாவு மில்மீதோ வெல்டிங் பட்டறைமீதோ வரும். அப்போது எடுத்துப் பார்க்க ஒரு தாள் இருக்கட்டும்.

பேக்கரிமீது வந்த மனு

தெரு முனையில் உள்ள விறகு அடுப்பு பேக்கரிமீது டிசம்பர் மாதம் நகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, காவல் நிலையம் ஆகிய மூன்றுக்கும் ஒரே மனு போனது. நகல் சங்கத்துக்கும் வந்தது. கிழக்கே புதிதாக எழும்பிய மூன்று மாடி அடுக்ககத்துக்காரர்களும், மேற்கே பேக்கரியோடு பொதுச்சுவர் உள்ள ஓட்டுவீட்டுக் குடும்பமும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புகை, இரவுச் சத்தம், வாய்க்கால் நாற்றம், சாம்பல், காலையில் வாசலை மறிக்கும் வண்டிகள் என்று ஐந்து குறைகள். கடையை மூட உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை.

மனு ஏன் டிசம்பரில் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பேக்கரியின் பின்கட்டில் தரையோடு அடுக்கியிருந்த சவுக்கு விறகு அடிவரை ஊறிவிட்டது. ஊறிய விறகில் சூட்டின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போகும். தீயின் வெப்பம் குறையும், எரியாத வாயுக்கள் வெள்ளைப் புகையாக வெளியேறும். மார்கழி விடியலில் காற்று அசையாமல் நிற்பதால் அந்தப் புகை மேலே போகாமல் கூரை மட்டத்திலேயே படியும். நம் கரையில் இரவுக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அதாவது மேற்கிலிருந்து கிழக்குக்கு. அடுக்ககம் இருப்பதோ கிழக்கே. ஓட்டுவீடுகள் மட்டும் இருந்த காலத்தில் வைத்த ஆறு மீட்டர் புகைபோக்கியின் வாய் இப்போது அடுக்ககத்தின் இரண்டாம் தளத்துப் பால்கனிக்கு நேர் எதிரே இருக்கிறது. கடைக்காரர் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. பக்கத்துக் கட்டடம் உயர்ந்தது, விறகு நனைந்தது, அவ்வளவுதான். ஆனால் பால்கனியில் நிற்கும் ஆஸ்துமாக்காரருக்கு இந்த விளக்கத்தால் மூச்சு வந்துவிடாது.

ஆதரவு பற்றி ஒரு வார்த்தை

மனு விஷயம் வெளியே தெரிந்ததும் தெருவே கொதித்தது. விடியற்காலை நீள ரொட்டியும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும், நோன்பு மாதத்தில் பன்னும் அங்கேதான் வாங்குகிறோம். ஆதரவுக் கையெழுத்து மளமளவென்று சேர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஒருவர் மனு கொடுத்தவர்களின் கதவு எண்ணையும் கைபேசி எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்றே நீக்கச் சொல்லி நீக்கியாயிற்று. ஆனாலும், பேசித் தீர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்த ஓட்டுவீட்டுக் குடும்பம் அதன்பின் பல வாரம் கதவைத் திறக்கவில்லை. பேக்கரிக்கு வந்த உண்மையான ஆபத்துகளில் முதலிடம் அந்தப் பதிவுக்குத்தான்.

கையெழுத்துத் தாளை அப்படியே அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நிர்வாகக் குழு மறுத்ததற்குக் காரணம் உண்டு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு, பொதுத்தொல்லை ஒன்றால் ஏதோ வசதியோ நன்மையோ கிடைக்கிறது என்பதற்காக அதை மன்னிக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஊரே ரொட்டி வாங்குகிறது, காலங்காலமாக இருக்கிற கடை என்பதெல்லாம் புகைக்குப் பதிலாகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவுப்படி, நிர்வாக நடுவர் தொல்லையை நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். உத்தரவு யார்மீதோ அவர் வந்து காரணம் சொல்லலாம். அங்கே எடுபடுவது என்ன சரிசெய்தோம் என்ற பட்டியலும், வேலைக்கான ரசீதும், முன்பின் புகைப்படங்களும்தான். ஆகவே கையெழுத்துத் தாளைச் சங்கக் கோப்பில் வைத்துவிட்டு, ஐந்து குறைகளையும் தனித்தனியே பிரித்து எடுத்தோம்.

புகை

முதலில் விறகு. நனைந்த கட்டைகளை ஒதுக்கிவிட்டு, பண்ருட்டிப் பக்கமிருந்து காய்ந்த முந்திரிக் கட்டையைத் தற்காலிகமாக இறக்கினார்கள். காய்ந்ததா என்று பார்க்க, கட்டையைப் பிளந்து உள்முகத்தில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்த வேண்டும். வெளிப்பட்டையில் குத்தினால் கருவி பொய் சொல்லும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடுப்புக்குப் போகலாம். பச்சைச் சவுக்கில் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளை மோதிப் பார்க்கலாம். காய்ந்தது டங்கென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று அடங்கும். வெட்டுமுகத்தில் நட்சத்திரம்போல வெடிப்பு ஓடியிருப்பதும் நல்ல அடையாளம். இப்போது விறகைப் பிளந்தே வாங்குகிறார்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரும்புச் சட்டம் போட்டு, மேலே தகரம், பக்கவாட்டில் காற்றுக்குத் திறப்பு என்று அடுக்கியிருக்கிறது. தார்ப்பாயால் நாலாபுறமும் மூடுவது தவறு. உள்ளே வேர்த்து மறுபடி ஊறும்.

அடுத்தது பற்றவைக்கும் முறை. புகையின் பெரும்பங்கு முதல் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில்தான் வருகிறது. அடியில் சுள்ளியைக் கொளுத்தி மேலே பெருங்கட்டையைத் திணித்தால், சூடேறும் கட்டையின் வாயுக்கள் எரியாமலே போய்விடும். இப்போது பெருங்கட்டை அடியில், நடுத்தரம் நடுவில், சுள்ளி உச்சியில் என்று வைத்து மேலிருந்து பற்றவைக்கிறார்கள். கீழிருந்து எழும் வாயு தீயைக் கடந்துதான் போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது. பழகிய கைக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. சூடேற்றும் நேரத்தையும் விடியற்காலை மூன்று மணியிலிருந்து மாலைக்கு மாற்றியாயிற்று. கனத்த செங்கல் அடுப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாலையில் இரண்டு மணி நேரம் எரித்து, தணலைப் பரப்பிக் கதவைச் சாத்திவைத்தால் விடியலில் சிறிது காய்ந்த விறகே போதும்.

மூன்றாவது, செலவு பிடித்தது, புகைபோக்கி. அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைவிட இரண்டு மீட்டர் மேலே போகும்படி எட்டு அங்குலக் குழாயை 13 மீட்டருக்கு உயர்த்தினார்கள். கடற்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டையாகும் என்பதால் 304 ரக எவர்சில்வர் தகடு. ஒன்றரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மூன்று திசையிலும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது. நம் ஊரில் புயலை எண்ணாமல் குழாய் நிறுத்தக் கூடாது. பழைய குழாயின் வாயில் மழைக்காக ஒரு தட்டையான தகடு ஒட்டினாற்போல் இருந்தது, அதுவே புகையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. புதிய கூம்பு மூடிக்கும் குழாய் வாய்க்கும் இடையே நாலு அங்குல இடைவெளி. அடியில் கரி வழிக்க ஒரு கதவு. மாதம் ஒருமுறை கம்பித் தூரிகை விட வேண்டும்.

உயர்த்திய பிறகு ஒரு சிக்கல் வந்தது. குழாய் உயர்ந்தால் இழுவை கூடும். புகையோடு சூடும் ஓடியது, விறகுச் செலவு ஏறியது, ரொட்டியின் அடிப்பக்கம் வெளுத்தது. குழாயின் கழுத்தில் திருப்பக்கூடிய தடுப்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, தீ நன்றாகப் பிடித்ததும் முக்கால் பங்கு மூடிய பிறகுதான் சரியானது. குழாய் போடுகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். முழுக்க மூடவும் கூடாது, நச்சுக்காற்று கடைக்குள் திரும்பிவிடும்.

சத்தம்

ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55. வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் புகார் கொடுக்கலாம். கைபேசிச் செயலியில் காட்டும் எண் சாட்சியாக நிற்காது. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட மட்டும் உதவும்.

ஓட்டுவீட்டுக்காரர்களை எழுப்பியது காற்றில் வந்த சத்தம் அல்ல, சுவர் வழியே வந்த அதிர்வு. மாவு பிசையும் மெஷின் பொதுச்சுவரை ஒட்டி, தரையில் நேரடியாகப் போல்ட் போட்டு நின்றது. அதைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, 25 மி.மீ. ரப்பர் திண்டின்மேல் நிறுத்தி, தளர்ந்து அடித்துக்கொண்டிருந்த பெல்ட்டை மாற்றினார்கள். அந்த வீட்டுப் பாட்டி தலைவைத்துப் படுக்கும் சுவரில் கைவைத்தால் இப்போது எதுவும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம், பிசைவதையே இரவு பத்துக்குள் முடிப்பது. முன்பு நடுநிசியில் பிசைந்து, கிலோ மைதாவுக்கு 10 கிராம் உலர் ஈஸ்ட் போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் மாவை எழவைத்தார்கள். இப்போது 3 கிராமாகக் குறைத்து, பனிக்கட்டித் தண்ணீரில் பிசைந்து விடியல்வரை விடுகிறார்கள். குளிர்காலத்தில் இது தகராறில்லாமல் போனது. மார்ச் இரவுகளில் மாவு மூன்று மணிக்கே பொங்கிப் புளித்துவிடுகிறது. கடைக்காரர் ஈஸ்டை இன்னும் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொட்டி கொஞ்சம் புளிக்கிறது என்று சில உறுப்பினர்கள் சொன்னதற்கு இதுதான் காரணம். பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. டிரேக்களைத் தரையில் போடாமல் ரேக்கில் செருகுவது, ஷட்டருக்குக் கிரீஸ், வானொலி கூடாது என்பவை காசில்லாத காரியங்கள்.

மற்ற மூன்று குறைகளும் பெரும்பாலும் சுலபமானவை. பாத்திரத்தில் ஒட்டிய மைதாவைத் தண்ணீர் விட்டுக் கழுவியதால் அது வாய்க்காலில் பசையாக இறுகி அழுகிக்கொண்டிருந்தது. இப்போது முதலில் உலர்ந்தபடியே சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவுகிறார்கள், கழுவுநீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் உண்டு. சாம்பலை மூடியுள்ள இரும்பு டிரம்மில் இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். உள்ளே தணல் உயிரோடு இருக்கும், குப்பை வண்டியில் தீப்பிடிக்கும். மைதா லாரி காலை ஏழுக்கு மேல்தான் வருகிறது. வாடிக்கையாளர் வண்டி நிறுத்துவதை மட்டும் என்னால் தீர்ந்ததாக எழுத முடியவில்லை. வாசலை மறிக்கிறவர்கள் பெரும்பாலும் நம் உறுப்பினர்கள்தான். ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பணம்

புகைபோக்கிக்கான தொகையைச் சங்கக் கணக்கிலிருந்து தர விதி இடம் தரவில்லை. தனியார் தொழிலுக்குச் சந்தா பணம் போனால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் கடைக்காரரே 500 ரூபாய் முன்பணக் கூப்பன் போட்டார். ஐம்பது ரூபாய்ச் சீட்டுப் பத்து, வரிசை எண், கடை முத்திரை, கையெழுத்து. பணம் நேராகக் கடைக் கணக்குக்கே போனது. எல்லாரும் முதல் மாதமே சீட்டைக் கொடுத்து வாங்கினால் கடையில் மைதா வாங்கக் காசு இருக்காது என்பதால், வாரத்துக்கு ஒரு சீட்டு என்று வரம்பு வைத்தோம். ஆதரவு தெரிவிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் வழி.

எரிவாயுவுக்கு மாறச் சொன்னால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் எரிவாயு போன்ற மாசு குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அது நமக்கான உத்தரவு அல்ல, ஆனாலும் காலம் போகும் திசை அதுதான் என்பது என் கருத்து. 19 கிலோ சிலிண்டரில் ஐந்துவரை, அதாவது நூறு கிலோவுக்குள், தனி உரிமம் இல்லாமல் வைக்கலாம். மின் ஓவன் என்றால் மும்முனை இணைப்பும் கூடுதல் மின்சுமையும் வேண்டும். டீசல் பர்னர் ஓவன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஊதுகுழாய் இரைச்சல் புகைப்புகாரைச் சத்தப்புகாராக மாற்றிவிடும். அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்றைய நிலை: அடுக்ககத்தார் எழுத்தில் தற்காலிகத் திருப்தி தெரிவித்திருக்கிறார்கள், மனுவைத் திரும்பப் பெறவில்லை. அவர்கள் அப்படிக் காத்திருப்பதில் தவறில்லை. அடுத்த மழைக்காலத்தில் விறகு நனையாமல் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்குமா என்று தெரியும்.

பிற பணிகள்

புயலுக்குப் பின் பக்க வாய்க்கால் இருமுறை தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். நாய்த்தொல்லை அப்படியேதான் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். ஒன்று, பேக்கரியோடும் புகார்தாரர்களோடும் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுப் பார்வையிடல், அதில் ஈரமானி அளவைப் பதிவேட்டில் எழுதுதல். இரண்டு, புகார் கொடுத்தவரின் விவரத்தைச் சங்கக் குழுவில் வெளியிடும் உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்குதல். மூன்று, புதிய நிர்வாகக் குழுப் பட்டியலைச் சங்கப் பதிவுச் சட்டம் 1860இன்படி 14 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் செயலாளருக்கு அதிகாரம் அளித்தல்.

இப்படிக்கு,
செயலாளர்