டொண்டாங் சாயாங் மாலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

போன சனிக்கிழமை மலாக்காவில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் நடந்த, ஒருவருக்கொருவர் மலாய்ப் பாட்டாலேயே பதில் சொல்லும் டொண்டாங் சாயாங் மாலை நிகழ்ச்சிக்கு உதவிய எல்லாருக்கும் இந்த மடல். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்கு நாற்காலி எடுத்துப் போடுவதிலேயே பொழுது போய்விட்டது.

முதல் நன்றி, மூவாரிலிருந்து வந்து வயலின் வாசித்த பாக்சிக் மாமாவுக்கு. வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று மதியம் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. ரெபானா மேளமும் கோங் என்ற சேகண்டியும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாட்டை எடுத்துக்கொடுப்பது வயலின். அது இல்லாமல் பாடுகிறவர் எங்கே நுழைவார்? ஒரே ஒரு போன். மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றீர்கள். நீங்கள் தொப்பலாக நனைந்திருந்தீர்கள்; வயலின் பெட்டிமேல் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை.

காஜா பெராங்கில் இருக்கும், பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டி சமூகத்துப் பாட்டிக்கு நன்றியை எப்படிச் சொல்வது! டொண்டாங் சாயாங் மலாய்க்காரர்களும் சீன வம்சாவளி பாபா நோன்யாக்களும் பாடுவது என்றுதான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். செட்டி மக்களுக்கும் போர்த்துகீசிய வம்சாவளியினருக்கும் இதில் பங்கு உண்டு என்பது உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நெற்றியில் திருநீறு, உடுத்தியிருப்பது சாரோங் கெபாயா, வாயில் பந்துன் என்ற மலாய்ப் பாட்டு. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் டொண்டாங் சாயாங் சேர்ந்ததும் இந்த நான்கு சமூகங்களின் கலையாகத்தான்.

பந்துனுக்கு நான்கு அடி. முதல் இரண்டில் ஒரு பூவோ பறவையோ வரும். மனதில் இருப்பது பின்னிரண்டில். நம் எதுகை அடியின் தொடக்கத்தில் அமையும். பந்துனில் ஓசை கடைசியில் ஒன்றும், நம் இயைபு போல. ஒருவர் பாடி முடித்ததும் எதிரில் இருப்பவர் அங்கேயே பதில் கட்ட வேண்டும். நோன்யா ஆன்ட்டி, மல்லிகையை வைத்து நீங்கள் பாட்டியைச் சீண்ட, அதே மல்லிகையைப் பாட்டி திருப்பி உங்கள் தலையிலேயே சூட்டினாரே! அந்த இடத்தில் மண்டபமே எழுந்து கைதட்டியது.

உஜோங் பாசிரிலிருந்து வந்து கூடப் பாடிய நண்பர்களுக்கும், ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட தம்பிக்கும், குவே பலகாரம் செய்து கொண்டுவந்த அக்காமார்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம் பாட்டி, அன்றிரவே என் மகன் ஒரு பந்துன் எழுத உட்கார்ந்தான். முதல் இரண்டு அடி ஆகிவிட்டது. மீதி இரண்டுக்காக ஞாயிற்றுக்கிழமை அவனை உங்களிடம் அழைத்து வருகிறேன்.