தைப் பருவ மடல்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. குறள் போட்டியில் பிள்ளைகள் நிறையப் பரிசு வாங்கினார்கள். பாத்திரம் கழுவியவர்கள் உட்பட உழைத்த எல்லோருக்கும் நன்றி. அடுத்த பருவப் பாடநூல்களும் வந்துவிட்டன.

இனி வருகைப் பதிவு. போன சனிக்கிழமை 8ஆம் நிலையில் 14 பேருக்கு 5 பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சாக்கர், டென்னிஸ், நீச்சல் என்று போயிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண், ஆட்டத்துக்காகக் காலில் கட்டிய ஷின் கார்டைக்கூடக் கழற்றாமல் பயிற்சி ஏட்டின் மேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை.

விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பார்க்கிங்கில் பலர் சொல்வது ஒன்றுதான்: "வெளிமாநில காலேஜ் ஃபீஸ் நமக்குக் கட்டுப்படியாகாதுங்க, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பாவது கிடைச்சா..." கவலை நியாயம். கணக்குத்தான் இடிக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு டிவிஷன் 1. சமீபகாலம் வரை அதில் ஓர் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப். அதையும் ஏழெட்டுப் பேருக்குப் பங்கு போடுவார்கள். ஆண்கள் நீச்சலுக்கு 9.9. 2025இல் பல கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. அதற்காகக் கல்லூரியின் பணப்பெட்டி பெரிதாகிவிடாது. கீழ்ப் பிரிவான டிவிஷன் 3இலும், ஹார்வர்ட் போன்ற பழைய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. டபிள்யூ.யூ.இ. (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) என்று அமெரிக்க மேற்கு மாநிலங்களுக்குள் ஒரு கட்டணச் சலுகை ஏற்பாடு. நம் கலிபோர்னியாப் பிள்ளை ரீனோவில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் இந்தச் சலுகையோடு சேர்ந்தால், அந்த ஊர்ப் பிள்ளை கட்டும் டியூஷனில் ஒன்றரை மடங்குக்கு மேல் கேட்க மாட்டார்கள். எல்லாக் கல்லூரியிலும், எல்லாப் பாடப்பிரிவிலும் கிடைக்காது, விண்ணப்பிக்கும்போதே விசாரியுங்கள். பெரும்பாலும் மதிப்பெண்தான் பேசும். முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றாலும் படிப்புக்காகக் கிடைத்த சலுகை போகாது.

டிவிஷன் 1இல் ஆடவும் படிப்பு வேண்டும்: 16 முக்கியப் பாடங்கள், அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக் கவுன்சிலரிடம் போய் உட்காருங்கள். அதற்குக் காசு இல்லை.

இரண்டு விஷயம் கண்டிப்பாக. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், கல்லூரி அணியில் இடம் பிடித்துத் தருகிறோம் என்று வரும் ரெக்ரூட்டிங் ஏஜென்ட் விளம்பரம் இனி வரக் கூடாது. வந்தால் போட்டவரை நீக்குவோம். போட்டி இருந்தால் வியாழன் இரவுக்குள் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் மூன்று முறை வராத பிள்ளையை அடுத்த நிலைக்கு ஏற்ற மாட்டோம். இதில் சிபாரிசு வேண்டாம்.

ஆட்டம் முடிந்து கடைசி அரைமணி நேரத்துக்கு வந்தாலும் பிள்ளையை உட்காரவைப்போம். சேற்று ஷூவை மட்டும் வாசலில் கழற்றச் சொல்லுங்கள், வாடகைக் கட்டடம். மைதானத்திலிருந்து வகுப்புக்கு வரும் வழியில் பின்சீட்டில் இட்லி டப்பாவைத் திறந்து கொடுத்துக் கூட்டி வருகிறீர்களே, அந்தப் பாடு எனக்குத் தெரியும். நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி