மீன்தொட்டிப் பொறுப்பு ஏற்கும் நண்பனுக்கு

பெரம்பூர், சென்னை.
மே மாதத் தொடக்கம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி தணிந்து இப்போது மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்தபோது மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. எதிர்வீட்டார் கோடை விடுமுறைக்குத் தில்லி போகும்போது தங்கள் தங்கமீன் தொட்டியை உன் பொறுப்பில் விட்டுச் செல்ல இருப்பதாகவும், அவர்கள் திரும்பி வரும்வரை அந்த உயிர்களை எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்று உனக்குக் கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். எங்கள் மாடிவீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியையும் தங்கமீன் தொட்டிப் பொறுப்பையும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போதும் மூத்த மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள். ஆகையால் உன் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் தீனி. பிறர் வீட்டு மீன்கள் பட்டினியால் சாவது மிக அரிது. அளவுக்கு மீறிப் போட்ட தீனியால் சாவதே வழக்கம். நீ தொட்டியருகே போனவுடன் அவை கண்ணாடியை ஒட்டி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாய் திறந்து நிற்கும் உயிருக்கு இல்லை என்று சொல்வது நம் வீடுகளில் பழக்கமில்லாத செயல் என்பதால், உனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கும். ஆனால் தங்கமீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்விடுவதால், அது பகல் முழுவதும் இரை தேடிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அதைப் பசி என்று எண்ணிவிடாதே. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீனியில்லாமலே தாங்கும். எங்கள் மாடிவீட்டு அம்மையார் புறப்படுமுன் ஒவ்வொரு நாளுக்கும் உரிய தீனியைச் சிறு சிறு காகிதப் பொட்டலங்களாக மடித்து, அவற்றின்மேல் கிழமையையும் எழுதி வைத்துவிடுவார். தீனி டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுவார். அந்த ஏற்பாட்டைப் போல என்னைக் கவலையிலிருந்து விடுவித்தது வேறொன்றும் இல்லை. உன் எதிர்வீட்டாரிடமும் தயங்காமல் இதைக் கேள். மிதக்கும் குருணைத் தீனியாக இருந்தால், சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் போடு. உருண்டை உடம்புத் தங்கமீன்கள் மேற்பரப்பில் காற்றையும் சேர்த்து விழுங்கி, நிலை தடுமாறிக் கவிழ்ந்து நீந்தும் தொல்லை அதனால் குறையும்.

மிஞ்சிய தீனி ஏன் ஆபத்து என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அழுகும் தீனியிலிருந்தும் அதுவே உண்டாகிறது. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைபெற ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்வரை ஆகும். உண்மையில் நீ காவல் காக்கப் போவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே ஸ்பாஞ்ச் அழுக்காகத் தெரிகிறதே என்று குழாயடியில் கொண்டுபோய் அலசிவிடாதே. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். அலசியே தீர வேண்டுமானால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாகப் பிழிந்தால் போதும். தண்ணீரும் முழுவதுமாக மாற்ற வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கால் பங்கை எடுத்துவிட்டு, முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்து ஆன்டி குளோரின் சொட்டுகள் கலந்த தண்ணீரை ஊற்று.

இந்த மே மாத வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். தங்கமீனோ குளிர்ந்த நீரில் சுகமாக வாழும் மீன். பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள்களில் ஏர் பம்பும் ஃபில்டரும் நின்றுபோகும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை இங்கே கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்காவிட்டால் எழுது, பார்சலில் அனுப்புகிறேன். அவசரத்துக்கு, தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் காற்று கலக்கும். மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் கூடி வாயைப் பிளந்து நின்றால், அது தீனிக்காக அன்று, மூச்சுக்காக என்று புரிந்துகொள்.

ஒன்று இறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த வரிதான். அதே மாதிரி ஒன்றை வாங்கி விட்டுவிட்டால் குழந்தைக்குத் தெரியவா போகிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. மாடிவீட்டுச் சிறுமி கோயம்புத்தூரிலிருந்து தினமும் மாலையில் வீடியோ அழைப்பில் வருவாள். ‘லட்டு’ என்று அவள் பெயர் வைத்திருக்கும் ஒராண்டா வகைத் தங்கமீனின் வால் ஓரத்தில் உள்ள சிறு கறுப்புக் கீற்றைக் காட்டும்வரை அழைப்பைத் துண்டிக்க மாட்டாள். இப்படிப் பார்த்துப் பழகிய குழந்தையிடம் வேறு மீனைக் காட்டுவது அவள் அன்பையே அவமதிப்பதாகும். ஆகவே அப்படி நேர்ந்தால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும், குழந்தைக்கு யார் சொல்வது என்பதை எதிர்வீட்டார் புறப்படுமுன்பே அவர்களிடம் பேசி முடிவு செய்துகொள். இறந்த மீனை அந்தக் கணமே வெளியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் கெட்டு மற்றவையும் நோய்ப்படும்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ ஒருமுறை தீனி போட்டு, தண்ணீரும் மாற்றிப் பார். எது எந்தப் பிளக் என்று காகிதம் எழுதி ஒட்டச் சொல். ஏதேனும் சந்தேகம் வந்தால் இரவு எந்நேரமானாலும் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். தொட்டியில் எத்தனை மீன்கள், எத்தனை லிட்டர் தொட்டி என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்