சும்மாட்டுத் துணியில் நீலச் சாயம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள வடசென்னை உறவுகளுக்கு,

வணக்கம். நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. அன்று மாலை காசிமேட்டு மேடையில் நேர்ந்தது உங்களில் பெரும்பாலோர் அறிந்ததுதான். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை என்றாலும், ஒருவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி நெஞ்சில் தேங்கிக் கிடப்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

தலைக்கவச நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்காக நாங்கள் ஊர் ஊராக நடத்திவந்த நாடகத்தில் எனக்கு எமதர்மன் வேடம். முகம், கழுத்து, விரல் நுனி வரை அடர்நீலச் சாயம் பூசி, கிரீடம் வைத்து, பாசக்கயிற்றோடு வரும் நான், தலைக்கவசம் அணிந்த இளைஞனிடம் தோற்றுக் கடைசிக் காட்சியில் விழ வேண்டும். ஆகவே நான் நிஜமாகவே விழுந்தபோது கூட்டம் கைதட்டியது. அதில் எனக்கு யார்மீதும் வருத்தம் இல்லை; விழுவதுதானே என் பாத்திரம். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்த மீன்காரம்மா ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. முந்தின நாள் திருவொற்றியூர் தேரடியில் இதே நாடகத்தை அவர் பார்த்திருக்கிறார். "நேத்து மல்லாக்க வுழுந்தாருப்பா, இன்னிக்குக் குப்புற வுழுந்துகிறாரு, ஓடியாந்து தூக்குங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் என்னோடு நடித்தவர்களே திரும்பிப் பார்த்தார்களாம்.

நூற்றெட்டு வண்டி வருவதற்குள் அவர் செய்த காரியம்தான் என்னை இன்னமும் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பல்லால் கிழித்தார். தலையில் இருந்த சும்மாட்டைப் பிரித்து, அந்தத் துணியில் எண்ணெயைக் கொட்டி, என் உதட்டையும் நகங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அரை நினைவில் இருந்த எனக்கு மீன் வாடையும் எண்ணெய் வாசமும் கலந்து வந்ததும், "எங்கப்பா கூத்து கட்னவரு தம்பி, அரிதாரம் தண்ணிக்குப் போவாது" என்ற குரலும் மட்டும் தெளிவாக நினைவிருக்கின்றன. உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கின்றனவா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள் என்பதும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி சாயம் ஏறிய நகத்தில் சரியான அளவைக் காட்டாமல் போகலாம் என்பதும் பிறகு எனக்கு விளக்கப்பட்டன. உடம்பெல்லாம் நீலம் பூசிக் கிடந்தவனிடம் எதை வைத்து எதைக் கண்டறிவது? அந்த அம்மா இதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. வேடத்துக்குள் கிடந்த மனிதனை வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமன் வேடத்தில் வந்ததைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்தது என்றும், அந்த வேதனையில் சுவாமிகள் நடிப்பையே விட்டார் என்றும் நாடகக்காரர்களிடையே ஒரு செய்தி வழங்கிவருகிறது. எமன் வேடம் கட்டும் போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். என் எமனைக் கண்டோ ஒரு பெண் கிட்டே வந்து முகத்தைத் துடைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளம்பர நாடகத்தில் நடிப்பதை நான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டதில்லை. வழியில் போகிறவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போகும் நாடகம்தானே என்ற எண்ணம் எனக்கே இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கில் அமர்ந்தவர்கள் முன்னால் பல ஆண்டுகள் நடித்திருக்கிறேன். நான் எப்படி விழுகிறேன் என்பதை மறுநாள் வரை நினைவில் வைத்திருந்த பார்வையாளர் எனக்கு வாய்த்தது தெருவில்தான். இனி இந்த மேடையை யாரிடமும் மறைக்க மாட்டேன். என் ஒப்பனைப் பெட்டியில் ஒரு குப்பி தேங்காய் எண்ணெயும் எப்போதும் இருக்கும்.

என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றிய இளைஞர்களுக்கும், எங்கள் பாட்டி தலைமுறை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்த ஸ்டான்லி மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவெல்லாம் வராந்தாவில் காத்துக் கிடந்த என் குழுவினருக்கும், செலவுக்குக் கைகொடுத்தும் பெயர் சொல்லாமல் போனவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அந்தச் சும்மாட்டுத் துணி என்னோடே மருத்துவமனைக்கு வந்துவிட்டது. என் மனைவி மூன்று முறை துவைத்தும் மடிப்புகளில் நீலம் போகவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் வரை விற்கப் போகும் அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள், அவர் எந்த நேரத்தில் ஏலத்துக்கு வருவார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இதையும் புதிதாக ஒரு துணியையும் அவர் கையில் நானே நேரில் கொடுக்க வேண்டும்.