ஸ்லைடைத் துடைத்து வை

அன்பு மக்கா,

நம்ம சர்ச் பேண்டுக்கு இனி நீதான் மாஸ்டர் என்று உன் தங்கை போனில் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். கூடவே, ஸ்லைடு குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் உன் டிராம்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிறாய் என்றும் சொன்னாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவின் சிகாகோ சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் ஜே ஃப்ரீட்மன் என்று ஒருவர். 1962இல் சேர்ந்தார், 1965இல் முதல் டிராம்போன் ஆனார். அரை நூற்றாண்டுக்கும் மேல் அதே நாற்காலி! ஷோல்டி மேடையில் நின்று கை அசைத்து நடத்திய காலத்தில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வரிசைக்கு உலகமெங்கும் பெயர். டிரம்பெட்டில் ஹெர்செத், டியூபாவில் ஜேக்கப்ஸ், டிராம்போனில் இவர். டிராம்போன் தனித்து ஒலிக்க, ஆர்கெஸ்ட்ரா துணைக்கு வரும்படி எலன் ஸ்விலிக் எழுதிய கான்செர்ட்டோவை 1989இல் முதன்முதலாக வாசித்ததும் இவர்தான். இதற்கு நடுவில் நகரை ஒட்டிய ஓக் பார்க், ரிவர் ஃபாரஸ்ட் ஊர்களின் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவையும் பல வருஷம் நடத்தினார். உலகப் புகழ் ஆர்கெஸ்ட்ரா அல்ல, அக்கம்பக்கத்தார் கூடி வாசிக்கிற குழு. நம்ம பேண்டுக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளேன்.

டிராம்போன்காரனுக்குக் குழுவை நடத்துவது எப்படிக் கைவந்தது என்று யோசித்தேன். பிராம்ஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு நாலு பகுதியாக எழுதிய முதல் சிம்ஃபனியை எடுத்துக்கொள். முதல் மூன்று பகுதிகளிலும் டிராம்போனுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. ஏறக்குறைய அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, குழல் குளிர்ந்து உதடு விறைத்த பிறகு, நாலாவது பகுதியில் மெல்ல, மிக மெல்ல ஊத வேண்டும். பயங்கரம். ஆனால் அந்த அரை மணி நேரமும் வயலின் எங்கே அவசரப்படுகிறது, ஓபோ என்ற குழல் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பின்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதல் வயலினுக்கு அந்த ஓய்வு ஏது?

நமக்கும் அது கிடைத்ததுதான். நாம் காதை விட்டுவிட்டு, எப்போது ஊத வேண்டும் என்று விரலை எண்ணிக்கொண்டிருந்தோம். அப்படியும் அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் நீ ஒரு பார், ஒரு தாளக்கட்டு, முன்னாலேயே ஊதினாய்!

ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் வேறு வழி. 17 வயதில்தான் டிராம்போனைத் தொட்டார். 19இல் ஸ்டாக்ஹோம் ஓபராவில் இடம். சீக்கிரமே அதை உதறிவிட்டுத் தனிக் கச்சேரிக்குப் போனார். அப்புறம் நார்வேயின் ஆர்க்டிக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அவர்கூட நாற்காலியைத்தான் விட்டார், வாத்தியத்தை விடவில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். நீ கை அசை, நான் ஊதுகிறேன். பாதியில் மாற்றிக்கொள்வோம். ஸ்லைடைத் துடைத்து எண்ணெய் போட்டு வை.

உன் பழைய இரண்டாம் டிராம்போன்