மாமாவின் கடன் நோட்டு

அன்புள்ள நண்பர்களுக்கு,

என் மாமனார் போய் ஒரு மாதம் ஆகிறது. 98 வயது. ரோட் ஐலண்டில் அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் என் கணவர் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். தமிழ் வீடுகளுக்கு எழுதுவது என் வேலை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டேன். அவர் கடைக்கு வந்தவர்கள், அதை அம்மாவைக் குறிக்கும் ஆங்கில 'மாமா' என்று எடுத்துக்கொண்டு, நான் அம்மாவைத் தேடுகிறேன் என்று நினைத்துச் சுற்றும்முற்றும் பார்ப்பார்கள்.

உங்களில் பலருக்கு அவர் இட்லி கேட்கும் தாத்தா, அவ்வளவுதான். 1943இல், 18 வயதில், அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படையில் சேர்ந்தவர். 'சீபீஸ்' என்பார்கள். 1942இல் அட்மிரல் பென் மொரீல் தொடங்கிய படை அது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் கைதேர்ந்த தச்சர்கள், கொத்தனார்கள். சராசரி வயது 37. மாமா மாதிரிப் பொடியன்கள் பிறகு வந்தவர்கள். இங்கே டேவிஸ்வில்லில்தான் பயிற்சி.

அப்புறம் பசிபிக்கில் டினியன் தீவு. பவளப்பாறையை வெட்டி, நொறுக்கிக் கொட்டி, கடல்தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் சிமென்ட் மாதிரி இறுகிவிடுமாம். வடக்கு விமானதளத்தில் மட்டும் நான்கு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் 8,500 அடி. இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்குப் போன விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்துபோய், வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பார்ப்பார். நடுக்கோடையிலும்.

ஊர் திரும்பி, குழாய், ஹீட்டர் வேலைக்கு ஒரு கடை போட்டார். 1978 பிப்ரவரி பனிப்புயலில் இந்த மாநிலமே முடங்கிக் கிடந்தபோது, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய் வீடு வீடாக பாய்லர் சரிசெய்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு பில்லே போடவில்லை. ஆனால் தான் யாருக்காவது பட்ட கடன் மட்டும் நோட்டில் ஏறிவிடும். கடைசி ஒரு வருஷமும் தலையணைக்கடியில் ஒரு நோட்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் 'சாய்தளம்' என்று இருக்கிறது. சக்கர நாற்காலிக்காக வாசலில் மரத்தில் சாய்தளம் போட்டுக்கொடுத்த தம்பிகளே, அன்றைக்கு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஓர் அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும் என்று, மடியில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு உங்களை இரண்டு தடவை பிரிக்க வைத்தார். நீங்கள் போன பிறகு கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லை, நிற்கும்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

ராத்திரி முறை வைத்துக் கூட இருந்தவர்கள், மருந்துக்கடைக்கு ஓடியவர்கள், வாசலில் பனி அள்ளிப் போட்ட பிள்ளைகள் எல்லாரும் நோட்டில் தேதியோடு இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குத் தனிப் பக்கம்: எத்தனை தின்றார் என்ற எண்ணிக்கையுடன்.

அடக்கத்தன்று கடற்படையிலிருந்து வந்த இரண்டு பேர் கொடியை 13 மடிப்பாக மடித்து முக்கோணமாக்கி என் கணவர் கையில் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் குழந்தைகளோடு கடைசி வரை நின்றீர்களே, அதை நான் மறக்கமாட்டேன்.

நோட்டின் கடைசி வரி, கோணல் எழுத்தில்: 'மிளகு ரசம். யார்?' அந்த எவர்சில்வர் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியில் 'ரா' என்று வெட்டியிருக்கிறது. யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெறும் தூக்காகத் திருப்பித் தரமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மாமாவின் மருமகள்